கதவில் செருகிய பற்கள்

பிடுங்கிய பல்லைக் கையில் கொடுத்துவிடுங்கள் என்று கேட்பவர்கள் எங்கள் கிளினிக்கில் வாரத்துக்கு இரண்டு பேராவது உண்டு. குழந்தையின் பால் பல் என்றால் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிவதற்காக. பெரியவர்கள் காரணம் சொல்ல மாட்டார்கள். கழுவி, பஞ்சில் சுற்றி, சிறிய காகித உறையில் போட்டுக் கொடுப்பேன். இருபத்தாறு வருடங்களாகத் தேனியில் பல் மருத்துவம் பார்க்கிறேன். உடம்பை விட்டுப் போன பிறகும் ஒரு பல்லுக்குப் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும் என்று மனிதர்கள் நினைப்பதை நான் ஒருநாளும் லேசாக எடுத்துக்கொண்டதில்லை.

அதனால்தான் எகிப்தின் கெய்ரோவிலுள்ள பாப் ஸுவேலா என்ற பழைய கோட்டை வாயிலைப் பற்றிப் படித்த நாளிலிருந்து அது என்னை விடவில்லை. அரபியில் 'பாப்' என்றால் வாயில். எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் 1830களில் அந்த ஊரில் மக்களோடு மக்களாக வாழ்ந்து, அவர்களுடைய வழக்கங்களை ஒன்றுவிடாமல் எழுதி வைத்தவர். பழைய நகரத்தின் தெற்கு வாயிலைப் பற்றிச் சொல்லும்போது அவர் எழுதுகிறார்: தலைவலிக்காரர்கள் அந்தக் கதவில் ஓர் ஆணி அடிப்பார்கள், பல்வலிக்காரர்கள் பல்லைப் பிடுங்கி அதன் வெடிப்பில் செருகுவார்கள், இனி வலி அண்டாது என்பது நம்பிக்கை. குத்பு என்று சொல்லப்படும் இறைநேசர், இறைநேசர்களுக்கெல்லாம் தலைவர், யார் கண்ணுக்கும் தெரியாமல் அந்தக் கதவின் பின்னால் வந்து இருப்பாராம். கடந்து போகிறவர்கள் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதிவிட்டுப் போவார்களாம். சிலர் ஒருவேளை இன்றைக்கு இருக்கிறாரோ என்று கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்களாம்.

அந்த எட்டிப் பார்த்தலை நான் பல தடவை நினைத்துக்கொண்டேன். கடந்த ஜனவரியில் போனோம். என் கணவர் கட்டடப் பொறியாளர். அவருக்குப் பிரமிடு, எனக்குக் கதவு என்று வீட்டிலேயே பேசி முடித்திருந்தோம்.

அல்-அஸ்ஹர் பள்ளிவாசல் பக்கமிருந்து தெற்கே, துணிக்கடைகள் நெருக்கியடிக்கும் தெருவில் நடந்தோம். முதலில் கண்ணில் படுவது வாயில் அல்ல, அதன் மேலே நிற்கும் இரட்டை மினாராக்கள். தெரு அப்படியே வாயிலுக்குள் நுழைந்து மறுபக்கம் போய்விடுகிறது. மோட்டார் சைக்கிள்கள் ஹாரன் அடித்துக்கொண்டு புகுந்து போகின்றன. ரொட்டித் தட்டைத் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்தபடி ஒரு பையன் சைக்கிளில் போனான். இப்படி உள்ளேயிருந்து வருகிறவர்கள் நிற்காமல் நேராக வெளியே போய்விட வேண்டும். ஐம்பது அடி தள்ளிப் போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும். கோட்டை வாயிலின் முகம் ஊருக்கு வெளியேதான் இருக்கும்.

திரும்பிப் பார்த்தபோது நான் பேசவில்லை. முன்பக்கம் உருண்டு வளைந்த இரண்டு பெரிய கொத்தளங்கள், நடுவே ஒரே வளைவு. அகலம் சுமார் 25 மீட்டர், உயரமும் ஏறக்குறைய அவ்வளவே. வளைவை ஒட்டிய கொத்தளத்தின் உட்பக்கங்களில் மட்டும் இதழ் இதழாக வெட்டிய அலங்கார வளைவுகள். மற்றபடி கல், கல்லின் மேல் கல். என் கணவர் பக்கத்தில் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். "இது உள்ளே கூடு இல்லை, முழுக்கக் கல்" என்றார். உண்மைதான். இந்தக் கொத்தளங்கள் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரைக்கும் உள்ளீடற்ற அறை ஏதுமில்லாமல் திண்மையாகக் கட்டப்பட்டவை. அதற்கு மேலேதான் வீரர்கள் நிற்கும் அறைகள். ஆட்டுக்கிடா போல மோதும் இடிமரத்தை எத்தனை முறை கொண்டுவந்து மோதினாலும் உள்ளே உடைந்து விழ எதுவும் இல்லை.

இவ்வளவு கனமாக ஒருவர் கட்டுகிறார் என்றால் அவர் எதற்காவது மிகவும் பயந்திருக்க வேண்டும். பயப்படக் காரணமும் இருந்தது.

கெய்ரோவை 969இல் ஃபாத்திமிய வம்சத்துக் கலீஃபாவின் தளபதி ஜவ்ஹர் நிறுவியபோது சுற்றுச்சுவர் சுடாத செங்கல்லால் ஆனது. அது அன்றைக்குப் பொதுமக்கள் ஊரே அல்ல. கலீஃபாவின் அரண்மனைகளும் அவருடைய படைகளும் இருந்த அடைப்பு. சாமானியர்கள் தெற்கே ஃபுஸ்தாத்தில் வாழ்ந்தார்கள். படையில் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெர்பர் மக்களில் ஸுவேலா என்ற பிரிவினர் இருந்தார்கள். வாயிலுக்கு அவர்கள் பெயர்தான். அந்தப் பழைய வாயில் இப்போதுள்ளதற்குச் சற்று வடக்கே இருந்தது. அதற்கு இரண்டு வளைவுகள். கலீஃபா அல்-முஇஸ் முதன்முதலில் நகருக்குள் வந்தபோது ஒரு வளைவு வழியாக நுழைந்தார். அன்றிலிருந்து மக்கள் அதில்தான் போனார்கள், மற்றதை ஒதுக்கினார்கள். அந்த வழியாகப் போனால் காரியம் கைகூடாது என்ற பேச்சு வந்துவிட்டது. கல்வாயில் வருவதற்கு நூறு வருடங்களுக்கு முன்பே இந்த இடத்தைச் சுற்றி நம்பிக்கைகள் முளைத்துவிட்டன என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பிறகு 1065 முதல் 1072 வரை ஏழு வருடப் பஞ்சம். எகிப்தின் வரலாற்றில் கலீஃபா அல்-முஸ்தன்ஸிரின் பெயராலேயே அந்தப் பஞ்சம் அழைக்கப்படுகிறது. நைல் பொங்கவில்லை, துருக்கியப் படைகளும் சூடானியப் படைகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன, கலீஃபாவின் அரண்மனைக் கருவூலமே சூறையாடப்பட்டது. வேறு வழியில்லாமல் கலீஃபா சிரியக் கரையிலிருந்த பத்ர் அல்-ஜமாலியை அழைத்தார். பத்ர் ஆர்மீனியர், ஒருகாலத்தில் அடிமையாக இருந்து தளபதியாக உயர்ந்தவர். தன் சொந்தப் படையோடு 1074இன் தொடக்கத்தில் கெய்ரோவுக்கு வந்தார். ஒழுங்கைக் கொண்டுவந்தார், கொடுமையான கையால். மூன்றே வருடத்தில், 1077இல், அத்ஸிஸ் என்ற துருக்மானியத் தலைவர் படையோடு கெய்ரோவை நெருங்கிவிட்டார். பத்ர் அவரை முறியடித்தார். ஆனால் செங்கல் சுவருக்குள் இனித் தூங்க முடியாது என்பது புரிந்திருக்கும்.

வடக்கே பாப் அந்-நஸ்ரும் பாப் அல்-ஃபுதூஹும் 1087இல் எழுந்தன. தெற்கே பாப் ஸுவேலா 1092இல். எடெஸ்ஸாவிலிருந்து, அதாவது இன்றைய துருக்கியின் உர்ஃபாவிலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் ஆளுக்கொரு வாயிலாகக் கட்டினார்கள் என்று பதினைந்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதியிருக்கிறார். வடக்கு வாயில்களையும் மறுநாள் போய்ப் பார்த்தோம். பாப் அந்-நஸ்ரின் கொத்தளங்கள் சதுரம்; கேடயங்களும் வாள்களும் கல்லில் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். பாப் அல்-ஃபுதூஹ் உருண்டை. அவற்றின் வேலைப்பாடு இன்னும் நுணுக்கமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாரும் அங்கே பல்லைக் கொண்டுபோய் வைக்கவில்லை.

பாப் ஸுவேலாவின் வாசலில் பத்ர் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. எதிரியின் குதிரைகள் பாய்ந்து வர முடியாதபடி, வழவழப்பான கருங்கற்களால் ஒரு சரிவு போட்டார். குளம்பு வழுக்கும். நூறு வருடங்களுக்கு மேல் அது அங்கே இருந்தது. பிறகு, ஃபாத்திமியருக்குப் பின் ஆண்ட அய்யூபிய வம்சத்துச் சுல்தான் அல்-காமில் ஒருநாள் அந்த வழியாகப் போகும்போது அவருடைய குதிரையே வழுக்கியது, பெயர்த்தெடுக்கச் சொல்லிவிட்டார். இதுவும் மக்ரீஸி சொல்வதுதான். அந்தச் சரிவு எந்த எதிரியின் குதிரையையாவது வழுக்கிவிட்டது என்று நான் எங்கும் படிக்கவில்லை.

வளைவுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தாழ்வான ஒரு குவிமாடம். சதுரமான இடத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் முக்கோணக் கற்பரப்புகள் வளைந்து எழுந்து, சதுரத்தை வட்டமாக மாற்றிக் குவிமாடத்திடம் ஒப்படைக்கின்றன. எங்கே சதுரம் முடிந்து எங்கே வட்டம் தொடங்குகிறது என்று விரலை வைக்க முடியாது. என் கணவர் கழுத்து வலிக்கும் வரை பார்த்தார். பிரமிடைப் பார்த்தபோதுகூட அவர் அவ்வளவு நேரம் நிற்கவில்லை.

நான் கதவுக்குப் போனேன்.

மரக்கதவுகள், மேலே இரும்புத் தகடுகள் வேய்ந்தவை. நம் ஊர்ப் பழைய வீட்டுக் கதவுகள் போலவே குடுமியில் சுழல்பவை. ஆனால் அந்தக் குடுமியைத் தாங்க ஒரு யானை வேண்டும் என்று தோன்றும் அளவுக்குக் கனம். தகடு முழுக்க ஆணிகள். தச்சன் அடித்த ஆணிக்கும் தலைவலிக்காரன் அடித்த ஆணிக்கும் நடுவே இத்தனை வருடத் துரு ஏறிவிட்டது. கெய்ரோவிலுள்ள அமெரிக்க ஆய்வு மையத்தார் 1998 முதல் 2003 வரை இந்த வாயிலைப் பழுதுபார்த்தார்கள். அப்போது கதவைச் சுத்தம் செய்தபோது இடுக்குகளில் பற்களும் மற்ற நேர்ச்சைப் பொருள்களும் கிடைத்தன. லேன் எழுதியது வெறும் கேள்விப்பட்ட கதை அல்ல.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, அம்மாச்சியின் அக்காவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்தது. மலையடிவாரக் கிராமம். முதல் நாள் கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு தோட்ட வேலைக்குப் போனார். இரண்டாம் நாள் தாடைக்குக் கீழே வீங்கியது. தலையைச் சுற்றித் துணியால் கட்டிக்கொண்டு, கருப்பசாமி கோயில் புளியமரத்தில் ஓர் ஆணி அடித்துவிட்டு வந்தார். நான் கூடப் போனேன், ஆணியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் வீக்கம் கழுத்துக்கு இறங்கியது, மூச்சு அடைத்தது. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்துபோனார். நாக்குக்கு அடியில் பரவும் அந்தச் சீழ் எப்படிக் கொல்லும் என்பதைப் பல வருடம் கழித்துக் கல்லூரியில் படித்தேன். ஒரு பல்லைப் பிடுங்கியிருந்தால் போதும்.

அதனால் அந்தக் கதவில் ஆணி அடித்தவர்களை அறியாதவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பல்வலி இரவில் கூடும். படுத்தால் இரத்தம் தலைக்கு ஏறித் துடிக்கும். விடியும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். நாவிதர் குறடால் பிடுங்கினார், மயக்க மருந்து கிடையாது. அதற்குப் பிறகு அவர்களுக்கு இருந்தது இந்தக் கதவு. கவனித்துப் பாருங்கள், பல்லைப் பிடுங்கிய பிறகுதான் கொண்டுவந்து செருகியிருக்கிறார்கள். வைத்தியத்துக்குப் பதிலாக அல்ல, வைத்தியம் முடிந்த பிறகு. எங்கள் பெரிய அம்மாச்சிக்கு அந்த நாவிதர்கூட அமையவில்லை.

இந்த வாயில் பார்த்த சாவுகள் தனி. 1260இல் மங்கோலிய ஹுலாகுவின் தூதர்கள் சரணடையச் சொல்லும் கடிதத்தோடு வந்தபோது, சுல்தான் குதுஸ் அவர்களைக் கொன்று தலைகளை இங்கே தொங்கவிட்டார். அதே வருடம் செப்டம்பரில் அய்ன் ஜாலூத்தில் மங்கோலியர்கள் தோற்றார்கள். தூதரைக் கொல்வது எந்த நாட்டு நியாயத்திலும் தவறுதான். வெற்றி கிடைத்தது என்பதற்காக அது சரியாகிவிடாது.

1517 ஏப்ரலில் எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்களில் கடைசியான தூமான் பேயை உதுமானியத் துருக்கியர்கள் இங்கேதான் தூக்கிலிட்டார்கள். அந்தக் காலத்தில் நகரில் வாழ்ந்த இப்னு இயாஸ் எழுதியிருக்கிறார். வாயில் வரை வந்த பிறகுதான் தன்னைத் தூக்கிலிடப் போகிறார்கள் என்பது தூமான் பேக்குத் தெரிந்தது. சுற்றி நின்ற மக்களிடம் எனக்காக மூன்று தடவை ஃபாத்திஹா ஓதுங்கள் என்று கேட்டார். அவர்களோடு தானும் ஓதினார். கயிறு இரண்டு முறை அறுந்தது. மூன்றாவது முறை முடிந்தது. மக்கள் கதறினார்கள். உடல் மூன்று நாள் தொங்கியது. பகைவரைத் தடுக்கத் திண்மையாகக் கட்டிய வாயில் இது. பகைவர் உள்ளே வந்தாயிற்று. ஊரின் அரசரைத் தொங்கவிடுவதற்கு அது உதவியது. வளைவின் கீழ் நின்று இதை யோசித்தபோது மோட்டார் சைக்கிள் ஹாரன் எதுவும் என் காதில் விழவில்லை.

பக்கத்திலேயே ஒரு சிறை இருந்தது, பேனும் பூச்சியும் மொய்க்கும் சிறை. அதில் அடைபட்டிருந்த மம்லூக் அமீர் ஒருவர், என்றாவது எனக்கு அதிகாரம் வந்தால் இந்த இடத்தை இடித்துப் பள்ளிவாசல் கட்டுவேன் என்று நேர்ந்துகொண்டார். 1412இல் அவர் சுல்தான் அல்-முஅய்யத் ஷைக் ஆனார். சொன்னதைச் செய்தார். வாயிலை ஒட்டி உட்புறத்தில் நிற்கும் பெரிய பள்ளிவாசல் அதுதான். மினாராக்களுக்குத் தனியாக அடித்தளம் போடவில்லை. பத்ரின் இரண்டு கொத்தளங்களின் தலையிலேயே ஏற்றிவிட்டார்கள். முன்னூறு வருடங்களுக்கு முன்பு பயந்த மனிதர் ஒருவர் உள்ளே வெற்றிடமின்றிக் கட்டிவைத்த கல், இப்படி ஒரு பாரத்துக்குத் தயாராக நின்றது. வேர் உறுதியாக உள்ள பல்லில்தான் நாங்கள் கேப் போடுவோம். அந்தக் கொத்தனார்களும் அப்படித்தான் தட்டிப் பார்த்திருப்பார்கள்.

ஆனால் முதலில் கட்டிய மினாரா ஒன்று சாய்ந்துவிட்டது. இடித்து இறக்கும்போது கற்கள் விழும் என்று வாயிலை ஒரு மாதம் மூடிவைத்தார்கள். கெய்ரோ உண்டான நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை என்கிறார் மக்ரீஸி. அப்போது இரண்டு பெரிய அறிஞர்களுக்குள் ஒரு சிலேடைச் சண்டை மூண்டது. ஒருவர் இப்னு ஹஜர் அல்-அஸ்கலானி, மற்றவர் பத்ருத்தீன் அல்-ஐனி. இருவருமே புகாரி என்ற நபிமொழித் தொகுப்புக்குப் பேருரை எழுதியவர்கள். நம் ஊர் அரபி மதரஸாக்களிலும் அந்த உரைகளைப் படிக்கிறார்கள். அரபியில் 'ஐன்' என்றால் கண். இப்னு ஹஜர் பாடினார்: மினாரா சாய்ந்தபடி சொல்கிறது, பொறுங்கள், என் உடம்புக்குக் கண்ணைப் போலக் கெடுதல் வேறில்லை என்று. கண்பட்டுவிட்டது என்பது மேல் பொருள். ஐனியால் வந்த கேடு என்பது உள் பொருள். 'ஹஜர்' என்றால் கல். ஐனி தரப்பிலிருந்து பதில் வந்தது: கண்பட்டது என்பது தவறு, இடிக்க வைத்தது கல்லின் கீழ்மைதான் என்று. கண்ணேறு என்ற ஒன்று இல்லாத மொழிக்கு இதை விளக்க அரைப் பக்கம் வேண்டும். தமிழில் ஒரு வரி போதும் என்பதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. இப்போது நிற்கும் மினாராக்கள் அந்த இடிப்புக்குப் பிறகு முடிக்கப்பட்டவை. கட்டியவர் முஹம்மத் இப்னு அல்-கஸ்ஸாஸ். பெயரைக் கல்லில் பொறித்திருக்கிறார்.

டிக்கெட் வாங்கி மேலே ஏறினோம். மினாராவின் உள்படி குறுகிச் சுழல்வது. ஒருவர் இறங்கினால் இன்னொருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மேலேயிருந்து வடக்கே பழைய நகரத்தின் மொட்டை மாடிகள், டிஷ் ஆன்டெனாக்கள், எண்ண முடியாத மினாராக்கள். தென்கிழக்கே கோட்டை. நேர் கீழே வாயிலுக்கு எதிரே 1160இல் கட்டிய ஸாலிஹ் தலாயிஇ பள்ளிவாசல். அது கடைகளின் மேல் தளமாகக் கட்டப்பட்டது. அன்றைக்குத் தெருமட்டத்தில் திறந்திருந்த அந்தக் கடைகள் இன்று பள்ளத்தில் கிடக்கின்றன. அவ்வளவு ஏறியிருக்கிறது தெரு. அப்படியானால் கீழே நாம் பார்த்த வாயிலும் முழு உயரம் இல்லை. ஈறு வளர்ந்து மூடிய பல் போல, ஒரு பகுதி மண்ணுக்குள் இருக்கிறது.

இறங்கி வந்ததும் என் கணவர் வெளியே கூடாரத் துணி தைப்பவர்களின் கூரையிட்ட தெருவுக்குப் போனார். அங்கே ஆண்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து, துணியின் மேல் துணி வைத்துப் பூவும் எழுத்துமாகக் கையால் தைக்கிறார்கள். அம்மாவுக்கு ஒரு தலையணை உறை வாங்கி வருகிறேன் என்றார். நான் திரும்பவும் கதவடிக்கு வந்தேன்.

கதவுக்குப் பக்கத்தில் காகிதக் கைக்குட்டை விற்கும் ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். நான் ஆணிகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு நின்றதை வெகுநேரம் பார்த்திருக்க வேண்டும். எழுந்து வந்து, தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, பிறகு கதவைக் காட்டினார். பல் வலிக்கிறதா என்று கேட்கிறார். இல்லை என்று தலையசைத்தேன். என் கன்னத்தைத் தொட்டு, கையை மேலே காட்டி, இறந்துபோனவர் என்று எப்படியோ சொன்னேன். அவருக்கு என்ன புரிந்ததோ, என் கையைப் பிடித்துக் கதவின் மேல் வைத்து, தன் கையை அதன் மேல் வைத்துக்கொண்டு உதட்டுக்குள் ஓதினார். நகங்களில் மருதாணி வெளுத்திருந்தது. ஓதி முடித்ததும் முகத்தைத் தடவிக்கொண்டு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

கதவுக்கும் சுவருக்கும் இடையே இருந்த இடைவெளியில் நான் எட்டிப் பார்த்தேன்.